பச்சைப் பூசணம் பிடித்த வைக்கோலில் இருந்து எத்தனால் எடுக்க முடியுமா?

சிப்பிக்காளான்_கோபி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் நாலு வருடமாகச் சிப்பிக்காளான் போடுகிறேன். சின்ன ஓலைக் கொட்டகை, ஒரு தடவைக்கு 120 படுக்கை (வைக்கோல் நிரப்பி வித்து போட்ட பை). இந்த மழைக்கு 30 படுக்கைக்கு மேல் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. முதலில் வெள்ளையாகத்தான் வரும், வித்து நன்றாக ஓடுகிறது என்று நாமும் சந்தோஷப்படுவோம், நாலாம் நாள் பார்த்தால் பை ஓரத்தில் பாசி மாதிரி பச்சை. பையைப் பிரித்தால் லேசாகத் தேங்காய் வாசனை வேறு. வேளாண் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது டிரைக்கோடெர்மா, வெளிநாட்டில் இதை வைத்துத்தான் வைக்கோலை எத்தனால் ஆக்குகிறார்கள், நீங்கள் குப்பையில் கொட்டுகிறீர்கள்" என்றான். விளையாட்டுக்குச் சொன்னானா நிஜமா தெரியவில்லை. நிஜம் என்றால் கெட்டுப்போன பைகளை ஒரு டிரம்மில் போட்டு ஏதாவது செய்ய முடியுமா? அப்புறம் இன்னொன்று, பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்கிறார்கள், அதெல்லாம் கரும்பு, மக்காச்சோளம், அரிசியில் இருந்துதானே வருகிறது, வைக்கோலில் இருந்து ஏன் வருவதில்லை?

நொதிப்பித்து | ஞாயிறு, இரவு 10.55

தம்பி சொன்னது பாதி சரி. முதலில் அவசரமான விஷயம்: அந்தப் பைகளைக் கொட்டகைக்குள் பிரிக்காதீர்கள். பச்சை என்பது விதைத்தூள், பிரித்தால் மிச்சம் 90 பைக்கும் பறக்கும். வெளியே கொண்டுபோய் மண்ணில் புதையுங்கள்.

சிப்பிக்காளானைக் கெடுக்கும் பச்சை பெரும்பாலும் டிரைக்கோடெர்மா புளூரோட்டம் அல்லது அதன் பங்காளி. எத்தனால்காரர்கள் வைத்திருப்பது டிரைக்கோடெர்மா ரீசி. ஒரே குடும்பம், வேறு வேறு வீடு. வேளாண் அலுவலகத்தில் விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்று கொடுக்கும் விரிடியும் இதே குடும்பம்தான்.

ரீசியின் பூர்வீகம் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை சாலமன் தீவுகளில் இறங்கியபோது பருத்திக் கூடாரம், துணி, பெல்ட் எல்லாம் நனைந்த காகிதம் மாதிரி கிழிந்து போனது. ஏன் என்று பார்க்க, மட்கிய துணிகளில் இருந்து பூஞ்சைகளைப் பிரித்து வைத்தார்கள். அதில் ஒன்றின் எண் கியூஎம்6ஏ. மாசசூசெட்ஸில் நேட்டிக் என்ற ஊரில் இருந்த ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் அதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். துணி கெடாமல் காப்பாற்றத்தான் ஆரம்பித்தார்கள், பிறகு கழிவில் இருந்து சர்க்கரை எடுக்கலாமே என்று கதை அப்படியே தலைகீழானது. முதலில் அதையும் விரிடி என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள், 1977-ல்தான் ரீஸின் பெயரில் ரீசி ஆனது. இன்று ஆலைகளில் ஓடும் ரீசி எல்லாம் அந்த ஒற்றைக் கூடாரப் பூஞ்சையின் வாரிசுகள். ஆறு வருடம் அதோடு குடித்தனம் நடத்தித்தான் நான் பிஎச்டி முடித்தேன், அதனால் கொஞ்சம் பாசம் அதிகம்.

பனியன்_ஊர்க்காரன் | திங்கள், காலை 7.15

அட, இந்தக் கூடாரக் கதை எனக்குத் தெரியாதுங்க. ஆனால் அந்தப் பூஞ்சை விடும் சரக்கு எங்களுக்கு நன்றாகத் தெரியும். திருப்பூரில் சாயப்பட்டறைப் பக்கம் 14 வருடமாக இருக்கிறேன். கடையில் டிசர்ட்டில் "பயோ வாஷ்" என்று எழுதியிருக்கும் பாருங்கள், அது செல்லுலேஸ் என்சைம்தான், பருத்தி இழையில் இருக்கும் செல்லுலோஸை உடைப்பது. சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி ஓடும்போது தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவந்து, அசிட்டிக் ஆசிட் விட்டு பிஎச் 5-ல் நிறுத்தி, என்சைமை ஊற்றி 45 நிமிடம் ஓட்டினால் துணிமேல் நிற்கும் பிசிறை எல்லாம் தின்றுவிடும், துணி வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் 80 டிகிரிக்கு ஏற்றி 10 நிமிடம் ஓட்டி என்சைமைச் சாகடிக்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலையை விட்டால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு யூனிட்டில் ராத்திரி ஷிப்டில் பாய்லர் மக்கர் செய்தது. சூடு ஏற்றாமலே துணியை இறக்கி ஈரமாக டிராலியில் போட்டுவிட்டுப் போய்விட்டோம். காலையில் வந்து இழுத்தால் அப்பளம் மாதிரி கிழிகிறது. 300 கிலோ துணி. யார் ஆபரேட்டர் என்று கேட்காதீர்கள், நான்தான். கூடாரம் கிழிந்த கதையைப் படித்ததும் அந்த டிராலிதான் ஞாபகம் வந்தது.

சிப்பிக்காளான்_கோபி | திங்கள், காலை 8.30

அப்படியென்றால் ரொம்ப சுலபம் போலிருக்கிறதே. அந்த என்சைமை வாங்கி வைக்கோலில் ஊற்றினால் சர்க்கரை, சர்க்கரையில் ஈஸ்ட் போட்டால் எத்தனால். இதில் எங்கே இடிக்கிறது? எங்கள் பூசணமே நேராக அந்த வேலையைச் செய்யாதா?

நொதிப்பித்து | திங்கள், மதியம் 1.20

கடைசிக் கேள்விக்கு முதலில். பூசணம் வைக்கோலைச் சர்க்கரை ஆக்குவது உங்களுக்காக அல்ல, அதன் வயிற்றுக்காக. உருவாகும் சர்க்கரையை அந்தக் கணமே தின்றுவிடும். அதனால்தான் ஆலையில் பூஞ்சையைத் தனியாக ஒரு தொட்டியில் வளர்த்து, அது வெளியே விடும் நொதிகளை, அதாவது என்சைம்களை மட்டும் வடித்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆளை வேலைக்கு வைப்பதில்லை, எச்சிலை மட்டும் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீசி இதில் மகா தாராளம். தேர்ந்தெடுத்த ஆலை வகைகள் ஒரு லிட்டர் கரைசலில் 100 கிராமுக்கும் மேல் புரதத்தைக் கொட்டுகின்றன. ஆனால் 2008-ல் அதன் ஜீனோமைப் படித்தபோது வேடிக்கை, மற்ற பூஞ்சைகளை விட அதனிடம் செல்லுலோஸ் உடைக்கும் ஜீன்கள் குறைவாகவே இருந்தன. சரக்கு சில வகைதான், வியாபாரம் மட்டும் மொத்த வியாபாரம்.

சரி, எங்கே இடிக்கிறது. பனியன் துணி என்பது கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. வைக்கோல் அப்படியில்லை. தேங்காய் நார்க் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் இழைகள் புரி புரியாக நெருக்கி முறுக்கியிருக்கும், அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், எல்லாவற்றுக்கும் மேல் தார் பூசியது மாதிரி லிக்னின். நொதிகள் கூட்டாகத்தான் வேலை செய்யும். ஒன்று இழையை நடுவில் வெட்டி நுனிகளை உண்டாக்கும். இன்னொன்று அந்த நுனியைப் பிடித்து ஒரு குகைக்குள் இழுத்துக்கொண்டே இரண்டு இரண்டு சர்க்கரையாகக் கடித்துத் துப்பும். மூன்றாவது அந்த இரட்டையை ஒற்றைக் குளுக்கோஸாகப் பிரிக்கும். ரீசிக்கு இந்த மூன்றாவது நொதி போதாது, அதனால் இரட்டைச் சர்க்கரை தேங்கி முன்னால் இருக்கும் நொதியையே நிறுத்திவிடும், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையிடம் கடன் வாங்கித்தான் சமாளித்தார்கள். 2010, 2011 வாக்கில் நாலாவதாக ஒரு ஆளும் அகப்பட்டது, செம்பு அயனி வைத்துக்கொண்டு கெட்டிப் புரியில் கீறல் போடும் எல்பிஎம்ஓ என்ற நொதி. அதைச் சேர்த்த பிறகு நொதிக் கலவை நன்றாகவே முன்னேறியது.

ஆனால் தார் அப்படியே இருந்தால் இவ்வளவு பேரும் கதவுக்கு வெளியே நிற்பார்கள். லிக்னினில் ஒட்டிக்கொண்டு வீணாகவும் போவார்கள். அதனால் முதலில் வைக்கோலை நறுக்கி, நீர்த்த அமிலத்தோடு 160 முதல் 200 டிகிரி வரை அழுத்தத்தில் வேகவைத்துப் பிரிய விடுகிறார்கள். அந்த வேக்காட்டில் சர்க்கரையில் கொஞ்சம் கருகி ஃபர்ஃபுரல் ஆகும், அது ஈஸ்ட்டுக்கு விஷம். குறைத்து வேகவைத்தால் நொதி நுழையாது, கூட்டினால் ஈஸ்ட் சாகும். நான் ஆய்வகத்தில் அழுதது எல்லாம் இந்த இடத்தில்தான், பூஞ்சையிடம் ஒரு நாளும் இல்லை.

டிஸ்டில்லரி_பழசு | திங்கள், இரவு 8.05

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை ஆலை டிஸ்டில்லரியில் 19 வருடம் இருந்தவன் சொல்கிறேன், மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) தண்ணீர் சேர்த்து ஈஸ்ட் போட்டால் ஒன்றரை நாளில் வாஷ் (வடிக்க வேண்டிய புளித்த கரைசல்) தயார். இங்கே வேகவைக்க ஒரு பாய்லர், அமிலம் தாங்கும் உலோகத்தில் பாத்திரம், நொதிக்கு மூன்று நாள், அப்புறம்தான் ஈஸ்ட். யார் முதல் போடுவார்கள்?

வைக்கோல், தட்டை எத்தனால் ஆலைக்கு முதல் போட்டவர்கள் கதையையும் பாருங்கள். இத்தாலி கிரெசென்டினோ, 2013-ல் திறந்தது, 2017-ல் நின்றது. அமெரிக்காவில் ஹியூகோட்டன், 2014-ல் திறந்து அடுத்த வருடமே நின்றது. எம்மெட்ஸ்பர்க், அதுவும் 2014, 2019-ல் நிறுத்தினார்கள். அயோவாவில் நெவாடா என்ற ஊரில் டூபான்ட் 2015-ல் திறந்தது, இரண்டே வருடம், வாங்கியவர்கள் இப்போது அங்கே எரிவாயு எடுக்கிறார்கள். ருமேனியாவில் போடாரி, 2021-ல் கட்டி முடித்து 2023 டிசம்பரில் மூடினார்கள். அமெரிக்கா 2007-ல் சட்டமே போட்டது, 2022-க்குள் வருடத்துக்கு 1600 கோடி கேலன் இந்த மாதிரி எரிபொருள் என்று. கிட்டக்கூட வரவில்லை. பூசணம் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தால் என்ன, கல்லாப்பெட்டி பேச வேண்டுமே.

நொதிப்பித்து | திங்கள், இரவு 10.30

ஐயா, உங்கள் பட்டியல் சரி, பழி மட்டும் தப்பான ஆள் மேல் விழுகிறது. ஹியூகோட்டன் நின்றது தாய் நிறுவனம் திவாலான கையோடு. எம்மெட்ஸ்பர்க்கில் தலைவலி வேகவைக்கும் பகுதியில்தான். மக்காச்சோளத் தட்டையை வயலில் உருட்டிக் கட்டினால் மண்ணும் கல்லும் கூடவே வரும், அது திருகாணியையும் குழாயையும் அரைத்துத் தள்ளும், அடைக்கும். ஆய்வகத்தில் நாங்கள் கழுவி, காயவைத்து, சல்லடையில் சலித்த தூளை வைத்துத்தான் அழகான வளைகோடு போடுவோம். லாரியில் வரும் கட்டுக்கு அந்த மரியாதை தெரியாது.

பிரேசிலில் ரைசென் என்ற நிறுவனம் கரும்புச் சக்கையில் செய்கிறது. முதலில் பிரசிகாபாவில் ஒன்று தொடங்கினார்கள், பிறகு குவாரிபாவில் பெரிதாக இன்னொன்று. சக்கை என்பது ஏற்கெனவே கழுவி, நசுக்கி, ஆலை வாசலில் குவிந்து கிடக்கும் பொருள். வைக்கோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். பானிபட்டில் இந்தியன் ஆயில் ஆலை 2022 ஆகஸ்ட்டில் திறந்தது, செலவு 900 கோடிக்கு மேல். வருடம் 2 லட்சம் டன் நெல் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அதாவது டன்னுக்கு 150 லிட்டர். ஒரு டன் காய்ந்த வைக்கோலில் செல்லுலோஸ் 350 கிலோ என்று வைத்தால் அது முழுதும் உடைந்து 389 கிலோ குளுக்கோஸ், அதில் 199 கிலோ எத்தனால், லிட்டரில் 250. ஹெமிசெல்லுலோஸைச் சேர்க்காமலே இவ்வளவு. ஆக ஏட்டில் இருக்கும் 250-ல் 150-ஐத்தான் திட்டத்திலேயே கேட்கிறார்கள். உடைந்த அரிசி என்றால் டன்னுக்கு 450 லிட்டர் பக்கம் வந்துவிடும். கோபி அண்ணா கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

நொதிச் செலவு சும்மா இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் என்ஆர்இஎல் என்ற அரசு எரிசக்தி ஆய்வகம் 2011-ல் போட்ட வடிவமைப்பில் ஒரு கிலோ செல்லுலோஸுக்கு 20 கிராம் நொதிப் புரதம். நம் 350 கிலோவுக்கு 7 கிலோ. மாவுச்சத்தை உடைக்க இதில் ஒரு துளி போதும்.

டிஸ்டில்லரி_பழசு | திங்கள், இரவு 10.52

அந்த 7 கிலோவைத்தான் நானும் சொன்னேன். நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள்.

வெண்ணாற்றங்கரை | செவ்வாய், காலை 6.10

நடுவில் ஒரு வார்த்தை. வைக்கோல் வைக்கோல் என்கிறீர்களே, எங்கள் பக்கம் அது கழிவே இல்லை. மெஷின் அறுத்துப் போன மறுநாளே கட்டு கட்டும் டிராக்டர் வந்துவிடும், உருட்டி லாரியில் ஏற்றினால் கேரளாவுக்குப் போகிறது, மாட்டுக்கு. மிச்சம் நம் வீட்டு மாட்டுக்கு, கோபி தம்பி மாதிரி காளான்காரர்களுக்கு. பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்து இரண்டு மூன்று வாரத்தில் கோதுமை விதைத்தாக வேண்டும், கட்டைத் தாளை எடுக்க நேரமில்லை, கொளுத்துகிறார்கள். பானிபட்டில் ஆலை வைத்தது அதனால். இங்கே ஆலை வைத்தால் மாட்டோடுதான் சண்டை.

சிப்பிக்காளான்_கோபி | சனி, இரவு 9.15

ஒரு வாரம் சும்மா இருக்க முடியவில்லை. ஈரோட்டில் சாயக் கெமிக்கல் கடையில் ஆசிட் செல்லுலேஸ் அரை லிட்டர் வாங்கி வந்தேன், பழுப்பு நிறத்தில், மோர் புளித்த மாதிரி ஒரு வாடை. பெண் பன்னிரண்டாம் வகுப்பு, அவளிடம் பெனடிக்ட் கரைசல் இருந்தது, சர்க்கரை கூடக் கூட நீலத்தில் இருந்து பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் என்று நிறம் மாறுவது. மூன்று பாட்டில் வைத்தோம்.

ஒன்றில் சாதா வைக்கோல், விரல்கணு அளவு நறுக்கியது. இரண்டாவதில் அதே வைக்கோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, நாலு தடவை அலசி, வினிகர் விட்டு பிஎச் தாளில் 5 காட்டும் வரை கொண்டுவந்தது. மூன்றாவதில் என் பழைய பனியன் ஒரு துண்டு. எல்லாவற்றிலும் ஒரே அளவு என்சைம், ஹாட் பாக்ஸில் வெந்நீர் ஊற்றி உள்ளே நிறுத்தி, நாலு மணிக்கு ஒரு தரம் வெந்நீர் மாற்றி 50 டிகிரி பக்கம் வைத்திருந்தோம். ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன், வீட்டில் கிடைத்த திட்டு தனி.

மறுநாள் வடிகட்டிச் சூடு பண்ணிப் பார்த்தால், சாதா வைக்கோல் லேசான பச்சை. பனியன் மஞ்சள். சுண்ணாம்பு போட்டது செங்கல் நிறம்! பெண் கத்திய கத்தில் பக்கத்து வீட்டில் இருந்து ஓடி வந்துவிட்டார்கள். அம்மிணி, நீங்கள் சொன்ன தார் கதை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

நொதிப்பித்து | சனி, இரவு 9.50

அருமை! ஆனால் நாலாவது பாட்டில் எங்கே? வைக்கோலே இல்லாமல் வெறும் என்சைமும் தண்ணீரும். கடைச் சரக்கில் கெடாமல் இருக்கச் சர்க்கரை வகை ஏதாவது சேர்த்திருப்பார்கள், அதுவே நிறம் காட்டலாம். ஐந்தாவதாக, சுண்ணாம்பில் வேகவைத்த வைக்கோல், என்சைம் இல்லாமல். இந்த இரண்டையும் பார்க்காமல் செங்கல் நிறத்தை நம்பமாட்டேன். சுண்ணாம்பு கொதிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் விபரீதம்.

இன்னொன்று, பெனடிக்ட் குளுக்கோஸ், இரட்டைச் சர்க்கரை, ஹெமிசெல்லுலோஸில் இருந்து வரும் சைலோஸ் எல்லாவற்றுக்கும் நிறம் மாறும். சாதாரண ஈஸ்ட்டுக்குச் சைலோஸ் வேண்டாத சாப்பாடு. அதற்கும் தீர்வு ஒரு பூஞ்சையிடம்தான் கிடைத்தது. இந்திய யானையின் இலத்தியில் இருந்து பிரித்த பைரோமைசிஸ் என்ற பூஞ்சையின் ஜீனை 2003-ல் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள், அதற்குப் பிறகு ஈஸ்ட் சைலோஸையும் சாப்பிட ஆரம்பித்தது.

மேற்பார்வை | சனி, இரவு 10.20

இழை நன்றாகப் போகிறது. ஒரே ஒரு வேண்டுகோள், சர்க்கரை வரை பேசுங்கள். வீட்டில் சாராயமாக்கி வடிப்பது பற்றி யாரும் செய்முறை போட வேண்டாம், தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் 1937-ல் இருந்து இருக்கிறது, போலீஸிடம் எரிபொருள் ஆராய்ச்சி என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பனியன்_ஊர்க்காரன் | சனி, இரவு 10.41

டிஸ்டில்லரி ஐயாவைத்தான் சொல்கிறார் போல.

சிப்பிக்காளான்_கோபி | புதன், இரவு 8.35

அம்மிணி கேட்டபடி செய்தாயிற்று. வெறும் என்சைம், லேசான பச்சை. ஆக என் சாதா வைக்கோலில் தெரிந்த பச்சை பாதிக்கு மேல் சரக்கின் நிறம்தான். என்சைம் இல்லாத சுண்ணாம்பு வைக்கோல், நீலம் அப்படியே. இரண்டையும் சேர்த்த பாட்டில் மறுபடியும் செங்கல்.

கூடவே எனக்குத் தோன்றியதையும் ஒன்று வைத்தேன். மூன்று தடவை காளான் பறித்து முடித்த பழைய படுக்கை வைக்கோல். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி நொறுங்கும், நிறமும் வெளுத்திருக்கும். சுண்ணாம்பு போடவில்லை, சும்மா வெந்நீரில் அலசி என்சைம் விட்டேன். ஆரஞ்சு வந்தது. செங்கல் அளவுக்கு இல்லை, ஆனால் சாதா வைக்கோலை விட எவ்வளவோ மேல்.

நொதிப்பித்து | புதன், இரவு 9.25

சிப்பிக்காளான் வெண்ணழுகல் பூஞ்சை, லிக்னினைத் தின்னத் தெரிந்த சாதி. 160 டிகிரியில் அமிலம் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அது உங்கள் கொட்டகையில் சும்மா செய்திருக்கிறது. இதை ஆலைக்குக் கொண்டுபோகப் பலர் முயன்றார்கள், இடிப்பது நேரம். அமிலத்துக்குச் சில நிமிடம், காளானுக்கு வாரக்கணக்கு. அதோடு இடையில் கொஞ்சம் செல்லுலோஸையும் சாப்பிட்டுவிடும். ஆனால் உங்களுக்கு அந்த வாரங்கள் நஷ்டமில்லை, காளான் விற்றுவிட்டீர்களே. அதே பழைய வைக்கோலை என்சைம் இல்லாமல் ஒரு பாட்டில் வைத்தீர்களா?

வெண்ணாற்றங்கரை | வியாழன், காலை 5.50

தம்பி, அந்தப் பஞ்சு வைக்கோலை மாடு தின்னுமா? அதைச் சொல் முதலில்.

சிப்பிக்காளான்_கோபி | வியாழன், காலை 7.05

நல்ல படுக்கையில் கொஞ்சம் எடுத்து எங்கள் செவலைக்குப் போட்டேன் ஐயா, தவிட்டோடு கலந்து கொடுத்தால் தின்கிறது, தனியாகப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பச்சை பிடித்ததைக் கிட்டேயே கொண்டுபோகவில்லை, அதெல்லாம் புதைத்தாயிற்று.

அம்மிணி, அந்தப் பாட்டில் வைக்கவில்லை, மறந்துவிட்டேன். பெனடிக்டும் தீர்ந்துவிட்டது. பெண் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் கேட்கிறேன் என்றிருக்கிறாள், எதற்கு என்று கேட்டால் பெட்ரோல் செய்ய என்று மட்டும் சொல்லாதே என்று அனுப்பியிருக்கிறேன்.